பிளக் மாமாவும் சம்பந்தி வீட்டு கிரில்லும்

பிளக் மாமாவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எதை நம்பினாலும் பாதகமில்லை. ஒருநாள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாருங்கள், நீங்களே அந்தப் பெயரைத்தான் வைப்பீர்கள். வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அவர் கண் சுவரைத் தேட ஆரம்பிக்கும். டி.வி. ஓடவில்லை, ஆனால் பிளக் சொருகியிருக்கிறது. போனைக் காணோம், ஆனால் சார்ஜர் மட்டும் தொங்குகிறது. மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. பேசிக்கொண்டே எழுந்து, பேசிக்கொண்டே நடந்து, பேசிக்கொண்டே பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்து, "அப்புறம், பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?" என்பார்.

அது சும்மா வந்த பழக்கம் இல்லை. பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். சேர்ந்த இரண்டாவது வருடம் யாரோ ஒரு புண்ணியவான் கேன்டீனில் வெந்நீர்ப் பாத்திரத்தை அணைக்காமல் போய்விட்டான். பாத்திரம் காய்ந்து, மேசை பற்றி, பாதி கேன்டீன் எரிந்துபோனது. விசாரணைக்கு வந்த மேலதிகாரி எல்லோரையும் விட்டுவிட்டு இவரைப் பார்த்துத்தான், "கடைசியா கதவைப் பூட்டினது யாரு?" என்று கேட்டார். பூட்டியது இவர்தான். அன்றைக்குப் பிடித்ததுதான் இது. அதற்கப்புறம் எந்தக் கதவைப் பூட்டினாலும், உள்ளே இருக்கும் அத்தனை பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் பூட்டுவார். பணி ஓய்வின்போது கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

மற்றபடி தங்கமான மனிதர். கை சுத்தம், வாய் சுத்தம். மனைவியிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பேசினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த ஒரு கோளாறுதான். இந்த ஒன்றே அவருடைய சம்பந்தி வீட்டு உறவில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது.

சம்பந்தி என்றால் மகளின் மாமனார். பஸ் டிப்போ மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் டிப்போக்காரர். அவர் வீட்டு ஹாலில் ஒரு பெரிய மீன் தொட்டி இருந்தது. அதில் பதினோரு மீன்கள். ஆறு வருடமாக வளர்த்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பஸ் ரூட் நம்பர் வைத்திருந்தார். "நாப்பத்தேழு ஏ இன்னைக்கு சரியா சாப்பிடல" என்று அவர் கவலைப்படுவதைக் கேட்டால் வெளியாட்களுக்கு ஒன்றும் விளங்காது. கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு குடும்பமும் சேர்ந்து இரண்டு நாள் வெளியூர் கிளம்பியது. எல்லோரும் வேனில் ஏறியாகிவிட்டது. "நீங்க உட்காருங்க சம்பந்தி, வீட்டை நான் பூட்டிட்டு வரேன்" என்று சாவியை வாங்கினார் பிளக் மாமா. விதி என்று வேறு எதைச் சொல்வது?

திரும்பி வந்து விளக்கைப் போட்டபோது பதினொன்றும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தொட்டிக்குள் காற்று விடும் மோட்டாரின் ஒயர், அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தொட்டியின் மேலேயே வைக்கப்பட்டிருந்தது. டிப்போக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். நேற்று வந்த மருமகளைத் திரும்பிப் பார்த்து, "உங்க அப்பாகிட்ட சொல்லும்மா, அந்த பிளக்கைத் திரும்பச் சொருகிடச் சொல்லு" என்றார். அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

அன்று தொடங்கியது, நாலு வருடமாக அதே கதைதான். பிளக் மாமா மறுநாளே பன்னிரண்டு மீன் வாங்கிக்கொண்டு போய் நின்றார். "அவர்கிட்ட சொல்லும்மா, இனிமே நாங்க மீன் வளக்கறதா இல்ல." கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லும்மா." முகம் கொடுத்து ஒரு வார்த்தை கிடையாது. அறையில் இரண்டு பேர் மட்டும் இருக்க நேர்ந்தால், டிப்போக்காரர் காலண்டரைப் பார்த்து, "ஃபேன் போட்டுக்கறவங்க போட்டுக்கலாம்" என்பார். பிளக் மாமா போட்டுக்கொள்வார்.

நடுவில் மாட்டிக்கொண்டது மகள். ஒரு விசேஷம், ஒரு விருந்து என்றால் அவளுக்கு உட்கார நேரமிருக்காது. "மாமா, அப்பா உங்க கால் வலி எப்படின்னு கேக்கறாரு." "அப்பா, மாமா பரவாயில்லைன்னு சொல்றாரு." "மாமா, அப்பா எண்ணெய் போடச் சொல்றாரு." "அப்பா, மாமா போட்டாச்சுங்கறாரு." போன மாதம் ஒருநாள் அப்பா வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆபீஸ்ல ஒம்பது மணி நேரம் போன்ல பேசறதுதாம்பா என் வேலை. வீட்டுக்கு வந்தா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொரு ஷிஃப்ட். என்னால முடியல. எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம், அவரை உங்ககிட்ட பேச வைங்க, போதும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பிளக் மாமாவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. தான் பிடுங்கிய ஒரு பிளக்குக்கு மகள் நாலு வருடமாக அபராதம் கட்டுகிறாளே என்று புரண்டு புரண்டு படுத்தார். எப்படியாவது அந்த மனிதரின் வாயிலிருந்து தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

வழி, டிப்போக்காரரின் முழங்காலில் இருந்து வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்கப் போனபோது அறையில் சம்பந்தியம்மா, மகள், மாப்பிள்ளை, பிளக் மாமா, அவர் மனைவி எல்லோரும் இருந்தார்கள். டிப்போக்காரர் விட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துடுவேன். பாக்கறதுக்கு எப்படியும் முப்பது பேர் வருவாங்க. தோட்டத்து கிரில்லைப் போட்டாத்தான் சமாளிக்க முடியும். வாரா வாரம் சனிக்கிழமை நான்தான் அதைக் கழட்டி சுத்தம் பண்ணுவேன், யாரையும் தொட விட்டதில்ல. இப்ப என்னால முடியாது. விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பண்ணி வெச்சா நல்லது."

பஸ்ஸில் திரும்பும்போது பிளக் மாமா மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். "யாராவதுன்னா யாரைச் சொல்றாரு?"

"மாப்பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியாது. சம்பந்தியம்மா அந்தப் பக்கமே போக மாட்டாங்க. அப்ப வேற யாரு?"

"என்னைத்தான் சொன்னாருங்கறியா?"

"வேற யாரை? விட்டத்தையா?"

பிளக் மாமாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. வியாழக்கிழமை காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார். சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியில், மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு. வீட்டில் யாருமில்லை. தோட்டத்து ஓரத்தில், தார்ப்பாய் போர்த்திய கிரில்.

மீன் தொட்டி போன வருத்தத்தில் டிப்போக்காரர் வாங்கிய பொருள் அது. பீப்பாயைப் படுக்கப்போட்டு நாலு கால் வைத்த மாதிரி இருக்கும். கரி கிடையாது, கேஸ் கிடையாது. பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் பெல்லட் என்கிற, மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னத் துண்டுகளைக் கொட்ட வேண்டும். ஒரு திருகுக் கம்பி குழாய்க்குள் மெல்லச் சுற்றிச் சுற்றி அவற்றை உள்ளே தள்ளும். நடுவில் ஒரு இரும்புக் கிண்ணம், அதில் விழுந்து எரியும். ஃபேன் காற்று விடும். சூடு பார்க்க உள்ளே ஒரு கம்பி. எல்லாம் கரண்டில். ஆக, அடுப்புக்கு ஒரு பிளக்! பிளக் மாமா அதைக் கண்டதும் ஒரு பழைய நண்பனைப் பார்த்ததுபோல் சிரித்தார்.

கீழ்த் தட்டில் கையேடு இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. 'இவ்வளவு நாள் பாத்தே இருக்க மாட்டார் போலிருக்கே' என்று நினைத்துக்கொண்டே பிரித்தார். பராமரிப்பு என்ற பகுதியின் முதல் வரி: 'முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவும்.' பிளக் மாமா அதை மூன்று தடவை படித்தார். பிறகு மனைவிக்குப் போன் போட்டு அவளுக்கும் படித்துக் காட்டினார்.

"இத்தனை வருஷமா என்னை ஊரே கேலி பண்ணுச்சே, இங்க பாரு, அச்சடிச்சே போட்டிருக்கான்!"

"சரி, வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

பராமரிப்புப் பகுதியை ஒரு எழுத்து விடாமல் படித்தார். அதற்கு அடுத்த பகுதி, அணைக்கும் முறை. ஒன்றரைப் பக்கம். பிளக் மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்து நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையையே அணைத்தவனுக்கு, அணைப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறானாமே! புத்தகத்தை மூடிவைத்துவிட்டு சட்டைக் கையை மடித்தார்.

மூடியைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார். பிறகு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி திறந்தார்.

வாரா வாரம் சுத்தம் பண்ணுகிறாராம்! கம்பித் தட்டில் அரை விரல் கனத்துக்குக் கருப்பு. மரச் சுரண்டியால் சுரண்டினால் பாளம் பாளமாக வந்தது. அதற்குக் கீழே கொழுப்பு வடியும் தட்டு. அதன்மேல் எந்தக் காலத்திலோ சுற்றிய அலுமினியத் தாள், எது தாள் எது தட்டு என்று தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அதையும் தூக்கினால் அடியில் சாம்பல். கொஞ்சநஞ்சமில்லை, ஒரு வாளி. தீ எரிய வேண்டிய கிண்ணம் எங்கே என்று கையை விட்டுத் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சாம்பலுக்குள்ளே இரண்டு முள்கரண்டி, ஒரு பாட்டில் மூடி, பாதி இடுக்கி. வெளியே தொங்கிய கொழுப்பு வாளியோ விளிம்பு வரை நிறைந்து, மேலே ஆடை கட்டி, அதில் எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

பிளக் மாமா தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு வருடமாக அந்த வீட்டில் அவர் தலைகுனிந்து நின்றிருக்கிறார். தப்பே செய்யாத மனிதர் முன்னால் நிற்கிறோம் என்றுதான் நின்றார். கடைசியில் பார்த்தால் அந்த மனிதர் இந்த அடுப்பை வாங்கின நாளிலிருந்து தண்ணீர்கூடக் காட்டவில்லை!

சிரித்து முடித்துவிட்டு வேலையில் இறங்கினார். சாம்பல் சில்லென்று இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினார். தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தார். புதுத் தாள் சுற்றினார். புகைபோக்கிக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றினார். பெட்டியின் அடியில் ஈரம் பட்ட பெல்லட்கள் ஊதி உடைந்து மாவாகிக் கிடந்தன. அவற்றை அள்ளி வழித்தெடுத்தார். கடைசியில், சூடு பார்க்கும் கம்பி. கருகின குச்சி மாதிரி இருந்தது. வினிகரில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைக்கத் துடைக்க வெள்ளை வெளேரென்று எவர்சில்வர் வந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, சம்பந்தி வீட்டு விருந்தில் கோழி எப்போதும் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்த காரணம். நாலு வருடமாக டிப்போக்காரர் கோழிக்கடைக்காரரை அல்லவா திட்டிக்கொண்டிருந்தார்!

சரிபார்க்க ஒரு கைப்பிடி பெல்லட் போட்டுப் பற்றவைத்தார். ஜம்மென்று எரிந்தது. போட்டது முழுக்க எரிந்து தீரும்வரை பார்த்திருந்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டிவைத்தார். ஒரு சிக்கலும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டாள். "இதை மட்டும் அங்க வாய் திறந்து சொன்னீங்கன்னா பாத்துக்கங்க. நாலு வருஷம் நாப்பது வருஷமாயிடும். மனுஷனுக்கு மானம் முக்கியம்."

"நான் ஏன் சொல்றேன்?" என்றார் பிளக் மாமா. சத்தியமும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் என்றது நாற்பது ஆயிற்று. டிப்போக்காரரைத் தோட்டத்தில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஒரு முக்காலியில் நீட்டி, பக்கத்தில் பிடித்து நடக்கும் வாக்கரை நிறுத்தியிருந்தார்கள். பெட்டி நிறைய பெல்லட் கொட்டி, பிளக் மாமா கிரில்லின் முன்னால் நின்றார். கோழி, சோளக்கதிர், உருளைக்கிழங்கு என்று தட்டுத் தட்டாக இறங்கியது. கோழி உள்ளும் புறமும் ஒரே பதம். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வந்தது.

டிப்போக்காரர் ஒரு துண்டைக் கடித்தார். மென்றார். கண்ணை மூடித் திறந்தார். "அடுப்பு புதுசு மாதிரி இருக்குன்னு சொல்லும்மா" என்றார் மருமகளிடம். மகள் ஓடிவந்து சொன்னாள். "எல்லாம் அவர் வெச்சிருந்த லட்சணம்தான்னு சொல்லும்மா" என்றார் பிளக் மாமா, முகத்தை எப்படியோ நேராக வைத்துக்கொண்டு. அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். இரண்டாவது துண்டு. "பதம் பிரமாதம்னு சொல்லும்மா." சொன்னதென்னவோ மருமகளிடம், ஆனால் இந்தத் தடவை அவர் பார்த்தது பிளக் மாமாவை. நாலு வருடத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

மூன்றாவது துண்டும் முடிந்தது. டிப்போக்காரர் கையைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். "வந்து..." என்று நேராகவே ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத்தானா சம்பந்தியம்மா மாத்திரையும் தண்ணீருமாக வந்து நடுவில் நிற்க வேண்டும்? "முதல்ல இதைப் போடுங்க, மணியாச்சு." அவர் மாத்திரையை விழுங்கினார், அதோடு சேர்த்து வார்த்தையையும் விழுங்கிவிட்டார். அதற்குள் பழைய டிப்போ ஆட்கள் நாலு பேர் வந்து நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

போச்சு. பிளக் மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசி உருளைக்கிழங்கையும் எடுத்தாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் மனிதனுக்கு எது பழக்கமோ அதைத்தான் கை செய்யும். குமிழைத் திருப்பி அணைத்தார், குனிந்தார், பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் டபக்கென்று நின்றது. ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். மனசு கொஞ்சம் அடங்கியது. தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

கரண்டில் ஓடும் எல்லாப் பொருளும் பிளக்கைப் பிடுங்கினால் செத்துப்போகும். இது சாகாது. உள்ளே இருப்பது நெருப்பு. குமிழைத் திருப்பிய பிறகும் அந்த ஃபேன் கால்மணி நேரம் தானாக ஓடி, கிண்ணத்தில் மிச்சமிருப்பதை எரித்து முடித்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் தீ கிண்ணத்தில் இருந்து குழாய்க்குள் புகுந்து, மெல்ல மெல்லப் பின்னாலேயே ஊர்ந்து, பெட்டிக்குப் போகும். அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது இதுதான்.

அரை மணி நேரம் கழித்து, ஏதோ சொல்லிக்கொண்டிருந்த டிப்போக்காரர் பாதியில் நிறுத்தினார். பெல்லட் பெட்டியின் மூடியைச் சுற்றிப் புகை கசிந்துகொண்டிருந்தது. முதலில் நூலளவு, பிறகு குபுகுபுவென்று. அவர் பார்வை புகையிலிருந்து ஒயருக்குப் போனது. ஆணியில், அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு.

"யோவ்!"

தோட்டமே திரும்பியது. டிப்போக்காரர் எழுந்து நின்றிருந்தார். வாக்கரைத் தொடவே இல்லை.

"யோவ் சம்பந்தி! பிளக்கைப் பிடுங்கினியாய்யா?"

பிளக் மாமா தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். மூடியைத் திறந்தார். புகை முகத்தில் அடித்தது. அடியில் பெல்லட்கள் கங்காகச் சிவந்து கிடந்தன. யாரோ ஒரு ஜக்குத் தண்ணீரோடு ஓடிவந்தார்கள்.

"தண்ணி வேண்டாம்! ஊத்தாதீங்க!" என்று கத்தினார் பிளக் மாமா.

"ஊத்தினா என்னய்யா? அதான் கரண்டைப் பிடுங்கியாச்சே!" என்று டிப்போக்காரர் கத்தினார்.

"தண்ணி பட்டா அத்தனையும் ஊதிக் குழாய்க்குள்ள கல்லாட்டம் இறுகிடும்! இரும்பு வாளியைக் கொண்டாங்க!"

"வாளி அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்யா! கண்ணு தெரியலியா?"

"நீங்க முதல்ல உட்காருங்க! காலு!"

"என் காலை நான் பாத்துக்கறேன், நீ அள்ளுய்யா!"

பிளக் மாமா சாம்பல் கரண்டியால் அள்ளி அள்ளி வாளியில் கொட்டினார். வாளியைத் தூரமாக நடைபாதைக் கல்லில் கொண்டுபோய் வைத்து, அங்கே தண்ணீரைக் கொட்டச் சொன்னார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. பெட்டி காலியானது. "இப்ப சொருகு! ஃபேன் ஓடட்டும், குழாய்ல இருக்கறது எரிஞ்சு தீரட்டும்! கடைக்காரன் மாட்டிக் குடுக்கும்போதே தலைபாடா அடிச்சுக்கிட்டான், ஃபேன் தானா நிக்கற வரைக்கும் தொடாதீங்கன்னு!" என்றார் டிப்போக்காரர். பிளக் மாமா சொருகினார். ஃபேன் ஓடியது. புகை குறைந்து, நின்றது. பெயிண்ட் ஒரு பக்கம் கருகியதோடு ஆபத்து கழிந்தது.

ஆனால் டிப்போக்காரர் நிற்கவில்லை. நாலு வருடமாக அடைத்துவைத்தது அல்லவா? "எதையாவது பிடுங்காம இருக்க முடியாதாய்யா உங்களுக்கு? என் வீட்டுக்குள்ள வந்தாலே கை நமைச்சல் எடுக்குமா? ஆறு வருஷம்யா! ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து வளத்தேன்! நாப்பத்தேழு ஏ என் கையிலேர்ந்து சாப்பிடும்யா!" கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

பிளக் மாமா வாங்கிக்கொண்டுதான் நின்றார். "தப்புதான், தப்புதான்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். டிப்போக்காரர் விட்டால்தானே? "ஒரு அடுப்பை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல! நாலு வருஷமா நான் எப்படி வெச்சிருந்தேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார்.

சத்தியமாவது ஒன்றாவது! "தெரியும்!" என்றார் பிளக் மாமா. "ஒரு வாளி சாம்பல் அள்ளினேன்! எறும்பு குடும்பம் நடத்துது! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைக் கழுவியிருக்கீங்களாய்யா?"

பிளக் மாமாவின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து சம்பந்தியம்மா மெதுவாக முன்னால் வந்தார்.

"கழுவவே இல்லையா?" என்றார் கணவரைப் பார்த்து. "சனிக்கிழமை சனிக்கிழமை, கடைக்கு வாங்கன்னா 'கிரில் கழுவணும்', பீரோவை நகத்துங்கன்னா 'கிரில் கழுவணும்'. ரெண்டு ரெண்டு மணி நேரம் இங்க உட்கார்ந்து என்ன பண்ணீங்க?"

டிப்போ மேனேஜராக முந்நூறு டிரைவர்களை நடுங்க வைத்தவர் மெல்லத் தலையைத் திருப்பினார். தான் வழக்கமாகச் சாயும் மெத்தை நாற்காலியைப் பார்த்தார். நாற்பது பேரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள். பழைய டிப்போ ஆள் ஒருவர் முதலில் சிரித்தார், அப்புறம் தோட்டம் முழுக்கச் சிரித்தது. டிப்போக்காரர் பிளக் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். கால் வலிக்காகவா, ஆதரவுக்காகவா என்று தெரியவில்லை.

"என்னய்யா இப்படிப் போட்டு உடைச்சுட்டீங்க?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க ஏன் கேட்டீங்க? நான் வாயை மூடிட்டுத்தானே இருந்தேன்!"

"கேட்டா சொல்லிடறதா? பிடுங்கறதுக்குத்தான் கை துடிக்குதுன்னா வாயும் அப்படித்தானா?"

"ஒரு அடுப்பைக் கழுவ மாட்டீங்க, பேச்சு மட்டும்..."

"பெயிண்ட் போச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அடிச்சுத் தரேன்யா! நானே அடிச்சுத் தரேன்!"

சம்பந்தியம்மாவுக்கே பயமாகிவிட்டது. சிரிப்பு அடங்கின பிறகும் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மருமகளைத் தேடினார். அவள் சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. ஒரு கையில் சோளக்கதிர், இன்னொரு கையில் கோழிக்கால். இரண்டையும் மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். புகையினால் என்று சொல்லலாம், ஆனால் புகை எப்போதோ நின்றுவிட்டது.

"என்னம்மா இது, ரெண்டு பேரும் இந்தக் கத்து கத்தறாங்க, நீ பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிடறியே! போய் விலக்கி விடும்மா!"

"விடுங்கத்தை" என்றாள் மகள், வாய் நிறைய. "பேசிக்கறாங்க."

அது பிளக் மாமாவின் காதில் விழுந்தது. திரும்பி மகளைப் பார்த்தார். அதற்குள் டிப்போக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க என்ன பார்வை? உங்ககிட்டதானே பேசிட்டிருக்கேன்!"

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் பிளக் மாமா. "இன்னும் சொல்லுங்க."